கூலியைக் கொடுத்துவிட்டுக் காணிக்கை போடுங்கள்

வேலைக்காரர்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலன் பவுல் கொலோசெ பட்டணத்துச் சபைக்கு நிருபத்தில் எழுதியதைப் பிரசங்கத்தில் கேட்காத சபையார் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பேச்சு அங்கே முடியவில்லை. "எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்" என்று தொடர்கிறது. அந்த வரி நாலாம் அதிகாரத்தின் முதல் வசனமாக விழுந்துவிட்டது. நாமோ மூன்றாம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிடுகிறோம். முதலாளிகளுக்கு எவ்வளவு வசதி!

கடைச் சுவரில் வசனக் காலண்டர். ஷட்டரைத் திறந்ததும் பத்து நிமிட ஜெபம். வேலையாட்களும் கைகூப்பி நிற்கிறார்கள். தேதி பத்தைத் தாண்டியும் சம்பளம் வரவில்லை. கேட்டால், "நாமெல்லாம் ஒரே குடும்பம், கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்கிறார் அண்ணாச்சி. லாபம் வந்த மாதத்தில் இந்தக் குடும்பம் எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. வியாபாரம் மந்தம் என்றால் கணக்கைக் காட்டிப் பேசலாம், ஒத்துக்கொள்கிறேன். அதே மாதத்தில் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஊரைக் கூட்டிப் பிரியாணி போடுகிறவர் அதைச் சொல்லக் கூடாது.

மோசேயின் சட்டங்களைச் சொல்லும் பழைய ஏற்பாட்டுப் புத்தகமான உபாகமத்தின் 24ஆம் அதிகாரம் இதில் சுற்றி வளைக்கவில்லை. ஏழைக் கூலிக்காரனுக்கு வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். அவன் அதை நம்பி இருக்கிறான் என்பதே காரணம். அவன் சகோதரனாக இருந்தாலும் அந்நியனாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். இன்று நம் ஓட்டல்களிலும் கட்டடங்களிலும் வேலை செய்யும் வடமாநிலத்துப் பையன்களும் அந்த வசனத்துக்குள் வருகிறார்கள்.

கூலி குறைவு என்றால், "அவனே சம்மதித்துத்தான் வந்தான்" என்பார்கள். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதிய 'ரேரும் நோவாரும்' என்ற, தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல் மோசமான நிபந்தனைக்கு ஒப்புக்கொள்கிறவன் அநீதிக்குப் பலியாகிறான்; ஒரு தொழிலாளி சிக்கனமாக வாழப் போதுமானதாகக் கூலி இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைவிட மூத்த நீதி அது என்றார் அவர். நான் கத்தோலிக்கன் அல்ல, தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சிஎஸ்ஐக்காரன், ஆனாலும் இந்த இடத்தில் ரோமுக்குத்தான் என் ஓட்டு.

ஓய்வுநாள் கட்டளைக்கு வருவோம். "உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல" இளைப்பாற வேண்டும் என்கிறது உபாகமம் ஐந்தாம் அதிகாரம். ஞாயிறு காலை வீட்டம்மா பட்டுச்சேலையில் ஆராதனைக்குக் கிளம்புகிறார். அடுக்களையில் வேலைக்கார அக்கா இஞ்சி பூண்டு அரைத்துக்கொண்டிருக்கிறார். ஆராதனை முடிந்து விருந்தாளிகளோடு திரும்பும்போது கறி தயாராக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவி முடிய மூன்று மணி ஆகிவிடும். அந்த அக்காவும் கிறிஸ்தவராக இருந்தால் அவருடைய ஆலயம் அன்றைக்கு அந்த அடுக்களைதான். வீட்டுவேலைத் தொழிலாளருக்கு வாரம் ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல்தான் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. கிறிஸ்தவ வீடுகள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டளை சீனாய் மலையிலேயே கிடைத்துவிட்டது.

இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையை எடுத்துக்கொண்டு, "என் பணம், என் இஷ்டம்" என்று வாதாடுகிற முதலாளி ஒருவரை எனக்குத் தெரியும். அந்தத் தோட்டக்காரர் தம் இஷ்டத்தைக் கடைசி மணி நேரத்தில் வந்தவர்களுக்கும் முழுநாள் கூலி கொடுக்கத்தான் பயன்படுத்தினார், யாருக்கும் பேசிய கூலியைக் குறைக்க அல்ல. அதுவும் அன்று சாயங்காலமே கணக்குத் தீர்த்தார்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபை கொண்டாடும் அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருட்களின் ஏலத்தில் ஒரு வாழைத்தாரை ஐயாயிரத்துக்கு எடுப்பார்கள், கைதட்டல் அதிரும். எடுத்தவருடைய தோட்டத்தில் கூலி பாக்கி இருக்கும். வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவியில் பட்டிருக்கிறது என்று யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை அன்றைய வேதபாடமாக வாசித்ததை நான் கேட்டதே இல்லை.

சபையும் ஒரு முதலாளிதான். கையெழுத்திடும் தொகை ஒன்று, கையில் வாங்கும் தொகை வேறு என்று மிஷன் பள்ளி ஆசிரியைகள் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். சபைக் கமிட்டியில் இருக்கும் நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் பெயின்ட் செலவைப் பேசுவதற்கு முன், மணி அடித்து ஆலயத்தைப் பெருக்குகிறவருக்கு மாதம் என்ன கொடுக்கிறோம் என்று பொருளாளரிடம் கேளுங்கள். பதிலை நிகழ்ச்சிக்குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.