மழைக்காலத்தில் வராத ஊழியக் குழுக்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் பிறந்துவிட்டால், ஆப்பிரிக்க நாடான மலாவியின் தலைநகர் லிலோங்வேயின் விமான நிலையத்தில் ஒரே நிறச் சட்டை அணிந்த கிறிஸ்தவ ஊழியக் குழுக்கள் வந்து இறங்கத் தொடங்கும். முதுகில் சபையின் பெயர், அதற்குக் கீழே ஒரு வேத வசனம், "மலாவி" என்ற நாட்டுப்பெயர், ஆண்டு. அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருபவர்களே அதிகம். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் தங்குவார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தி, பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசி, மருத்துவ முகாம் ஒன்று வைத்து, கடைசி இரண்டு நாளை மலாவி ஏரிக்கரையிலோ யானைச் சரணாலயத்திலோ கழித்துவிட்டுத் திரும்புவார்கள். வேலை நிமித்தமாக இந்நாட்டில் வாழும் கிறிஸ்தவன் என்ற முறையில் அவர்களுடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. எனக்குள்ள மனக்குறை அவர்களுடைய நாட்காட்டியைப் பற்றியது. இப்பயணங்களில் பிசகாகத் தோன்றுவதில் பெரும்பகுதி அங்கிருந்தே தொடங்குகிறது.

மலாவியில் நவம்பர் வாக்கில் தொடங்கும் மழை ஏப்ரல் வரை நீடிக்கும். முந்தைய அறுவடையில் சேர்த்த மக்காச்சோளம் ஜனவரிக்குள் பல வீடுகளில் தீர்ந்துபோகும். புதுக்கதிர் முற்றும் வரை, ஏறக்குறைய மார்ச் முடியும் வரை, ஒருவேளைச் சாப்பாட்டோடு படுப்பவர்கள் உண்டு. மலேரியா உச்சத்தில் இருப்பதும், மண்சாலைகள் சேறாகி ஆம்புலன்ஸ் ஊருக்குள் வர முடியாமல் நிற்பதும் அதே மாதங்களில்தான். ஜூன், ஜூலையில் களஞ்சியம் நிறைந்திருக்கும், சாலை காய்ந்திருக்கும், கொசு குறைந்திருக்கும். மேலைநாட்டுக் கோடை விடுமுறையும் அப்போதே வருவதால் குழுக்களும் அப்போதே வருகின்றன. பிப்ரவரியில் ஒரு குழுவைக் கூட்டி வாருங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் காரணம் காட்டினார்கள். அவர்கள் சொன்னது உண்மையும்கூட.

இதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது, சுவிசேஷம் எட்டாத ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிக் காணிக்கை திரட்டுவது. 2018ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலாவியில் நூற்றுக்கு 77 பேர் கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷனெரியான இராபர்ட் லாஸ் 1875இல் இந்த ஏரிக்கரைக்கு வந்து 1927 வரை ஊழியம் செய்தார்; அவருக்கு அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வில்லியம் கோயி என்ற கோசா இனத்தவர், வடக்கே இங்கோனி மக்களிடையே உழைத்து 1886இல் இங்கேயே இறந்தார். மலாவிக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர்களில் ஆப்பிரிக்கரும் உண்டு என்பதை அந்தச் சட்டைக்காரர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள்? மலாவியின் நடுப்பகுதியில், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்த டச்சு சீர்திருத்தச் சபையார் 1889இல் ஊழியத்தைத் தொடங்கினார்கள். இன்று அது மலாவியர்களே நடத்தும் நகோமா சினோடு என்ற சபை. மூன்று தலைமுறையாகச் சபை மூப்பர்களும் பெண்கள் ஐக்கியமும் உள்ள ஊரில், மொழிபெயர்ப்பாளர் துணையோடு ஒரு கல்லூரி மாணவர் இருபது நிமிடம் பேசிவிட்டு, இயேசுவை ஏற்றுக்கொள்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்கிறார். விருந்தினர் மனம் நோகக் கூடாது என்று ஞானஸ்நானம் பெற்றவர்களும் கையை உயர்த்துகிறார்கள். உயர்ந்த கைகள் எண்ணப்பட்டு அறிக்கையில் ஏறுகின்றன. அடுத்த ஆண்டு வேறொரு குழு வந்து அதே கைகளை எண்ணுகிறது.

மருத்துவ முகாம்தான் இவற்றில் மிகவும் பாராட்டப்படுவது. எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுவே. டேட்சா பக்கம் ஒரு முகாமில் பெயர் பதிய உதவிக்குப் போயிருந்தேன். மலாவியில் நோயாளியின் மருத்துவக் குறிப்பு ஒரு சிறு புத்தகமாக அவரிடமே இருக்கும். ஹெல்த் பாஸ்போர்ட் என்பார்கள். பிறந்த குழந்தைக்குப் போட்ட தடுப்பூசி முதல் போன வாரம் வாங்கிய மாத்திரை வரை எல்லாம் அதில்தான். அன்று வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி, தன் இடுப்பில் சுற்றிய சிட்டெஞ்சே துணியின் முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய அந்தப் புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். மருத்துவர் அதை வாங்கிப் பார்க்காமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு இரத்த அழுத்தம் பார்த்தார். மிக அதிகமாக இருந்தது. முப்பது மாத்திரைகள் கொண்ட பை ஒன்று கொடுக்கப்பட்டது; பையின் மேல் ஆங்கிலத்தில் இரண்டு வரி; புத்தகத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. அழுத்தத்துக்கான மாத்திரையை நாள்தோறும் தொடர்ந்து போட வேண்டும் என்பது எவருக்கும் தெரிந்த செய்தி. முப்பத்தொன்றாம் நாள் அவர் எங்கே போவார், போனாலும் என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வார் என்பதை முகாமில் யாரும் கேட்கவில்லை.

அருகிலிருந்த சுகாதார நிலையத்தில் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கல் ஆபீசரிடம் பின்னர் பேசியபோது, காசநோய்க்குச் சளிப் பரிசோதனைக்கு வரச்சொல்லி அவர்கள் அலைந்து தேடிய இருமல்காரர்கள் சிலர், முகாமில் மருந்து வாங்கிவிட்டோம் என்று வராமலே இருந்துவிட்டதாகச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. முகாம் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நானும் வந்து உட்கார்ந்திருப்பேனே என்றார். சுகாதார நிலையத்தில் மருந்து இல்லாத வாரங்கள் உண்டு என்பதும், அப்போது முகாமில் கிடைக்கும் மாத்திரை பெரிய காரியம் என்பதும் மெய்தான். அந்த மாத்திரைகளை மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் வழியாக அதே நிலையத்தின் அலமாரிக்கு அனுப்பலாமே என்பதுதான் என் கேள்வி.

எல்லாக் குறுகிய காலப் பயணத்தையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். மலாவி மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற்று, ஒரு மிஷன் மருத்துவமனையில் அங்குள்ள மருத்துவர்களின் கீழே நின்று, கண்புரை அறுவை செய்தும் கற்றுக்கொடுத்தும் போகும் மருத்துவருக்கு இரண்டு வாரம் போதும். அவர் போன பிறகு கட்டு பிரிப்பதற்கு ஆள் இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளை வந்து செங்கல் அடுக்குவது அப்படிப்பட்டதன்று. இங்கே கொத்தனாருக்குப் பஞ்சமில்லை, கூலிக்குத்தான் பஞ்சம்.

செலவுக் கணக்கை எடுத்தால் சங்கடம் கூடுகிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே, ஹோண்டுராஸில், 1998இன் மிட்ச் சூறாவளிக்குப் பின் கட்டிய வீடுகளைக் குர்ட் வெர் பீக் என்ற சமூகவியலர் ஆய்வு செய்தார். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு 2,000 டாலரில் கட்டியது போன்ற ஒரு வீட்டுக்கு, வட அமெரிக்கக் குழுக்கள் பயணச் செலவையும் சேர்த்துச் சுமார் 30,000 டாலர் செலவிட்டிருந்தன. போனவர்களின் மனம் மாறுகிறதே, பிற்காலத்தில் அவர்கள் தாராளமாகக் கொடுப்பார்களே என்பது வழக்கமான பதில். போய்வந்தவர்களின் காணிக்கையில் பெரிய மாற்றம் எதையும் வெர் பீக் காணவில்லை. மலாவிக்கும் விமானச் சீட்டு மலிவில்லை.

1971இல் கென்யாவைச் சேர்ந்த, கிழக்கு ஆப்பிரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபையின் பொதுச் செயலாளர் ஜான் கட்டு, ஆப்பிரிக்கச் சபை தன் காலில் நிற்பதற்காக மேலைநாட்டு மிஷனெரிகளும் பணமும் சில ஆண்டுகளுக்கு வராதிருக்கட்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். 1974இல் லுசாகாவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்கச் சபைகள் மாநாடும் அக்கருத்தை ஆதரித்தது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. டெக்சாஸில் வாழும் உறவினர் ஒருவரின் மகள், அடுத்த ஜூலையில் தன் சபைக் குழுவோடு இங்கு வர விரும்புவதாகவும், நான் ஒரு கிராமத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். கிராமத்தைத் தேடுவதற்கு முன், என்ன தேவை என்று போதகர் ஒருவரைக் கேட்டேன். பத்துக்கு மேற்பட்ட ஜெப வீடுகளைத் தனி ஒருவராகக் கவனிப்பவர் அவர். மழைக்காலத்தில் அந்த ஊர்களுக்குப் போக மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயர், மூப்பர்களின் பயிற்சிக்கு இங்கு பேசும் சிச்செவா மொழிப் புத்தகங்கள், செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட முடியாமல் இருக்கும் ஒரு பெண்ணின் படிப்பு என்று அவர் சொன்னார். பிள்ளைகள் வருவதானால் தாராளமாக வரட்டும், ஆனால் பிரசங்கம் வேண்டாம், எங்கள் மூப்பர்களோடு உட்கார்ந்து கேட்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அதை அப்படியே டெக்சாஸுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.