பால்கனி அறைக்கு முன்னால் காப்பீடு

கப்பல் சுற்றுலா விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அவ்வளவு பணம் கையில் இருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் போகலாம், கடல் எங்கேயும் போய்விடாது.

ராமநாதபுரத்தில் உட்கார்ந்து வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், தொண்டி என்று சுற்றுவட்டார ஆட்களின் வரவு செலவெல்லாம் என் மேஜைக்கு வந்து போகும். கொரோனாவுக்குப் பிறகு அந்தச் செலவுகளில் புதிதாக முளைத்திருப்பது குரூஸ். துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும் மகன் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறான், அல்லது சீட்டு எடுத்த பணத்தில் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் போய்வந்தவர்கள் கொண்டுவந்து காட்டும் பில்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. பாம்பன்காரர் ஒருவரிடம், பயணக் காப்பீடு எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். “கடல்லயே பொறந்து வளந்தவனுக்குக் கடல்ல என்ன தம்பி இன்சூரன்ஸ்?” என்றார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலில் வல்லம் ஓட்டியவருக்குப் பத்து மாடிக் கப்பலில் என்ன பயம்? ஆனால் அந்தக் கப்பலில் அவர் பயப்பட வேண்டியது அலைக்கு இல்லை, ஆஸ்பத்திரி பில்லுக்கு.

கப்பலுக்குள் மருத்துவர் இருப்பார், சின்னதாக ஒரு மருத்துவமனையும் இருக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சறுக்கி விழுந்த காயம் இதற்கெல்லாம் அது போதும். பார்த்ததற்கும் மருந்துக்கும் சேர்த்து டாலரில் பில் போட்டு உங்கள் அறைக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். நெஞ்சுவலி, பக்கவாதம் போன்றவை வந்தால் முதலுதவி செய்து, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். நிலைமை மோசமென்றால் ஹெலிகாப்டர். அந்தத் துறைமுகத்து ஆஸ்பத்திரிச் செலவு, கூட இருப்பவரின் ஓட்டல் வாடகை, ஊர் திரும்ப விமானச் செலவு எல்லாம் பயணியின் தலையில்தான் விழும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. கம்பெனியில் கொடுத்த மெடிக்ளைமும் பெரும்பாலும் இந்திய எல்லைக்குள் மட்டும்தான்.

அதனால் என் வரிசை இதுதான்: முதலில் காப்பீடு, அப்புறம் கேபின். சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு வாரம் போய்வர, நடுவயதுக்காரர் ஒருவருக்கான பிரீமியம் நல்ல சிங்கி இறால் ஒரு கிலோ விலைக்குள் முடிந்துவிடும். அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கூடும்தான், ஆனால் அவர்களுக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். சன்னல் இல்லாத உள் அறைக்கும் பால்கனி அறைக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் குடும்பம் முழுவதற்கும் நல்ல பாலிசி எடுத்துவிட்டு மிச்சமும் பார்க்கலாம். மேல்தளத்தில் நின்றாலும் தெரிவது அதே கடல்தானே?

பாலிசி எடுக்கும்போது தொகையை மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவத்துக்கு ஒரு லட்சம் டாலர், குறைந்தபட்சம் ஐம்பதாயிரம் என்பது என் கணக்கு. கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் செலவு அதில் சேருமா என்று தனியாகக் கேளுங்கள். கப்பல் பயணத்துக்கென்றே சில நிறுவனங்கள் கூடுதல் பிரிவு தருகின்றன: விமானம் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டால், துறைமுகத்தில் கப்பல் நிற்காமல் போனால், நோயால் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க நேர்ந்தால் இவ்வளவு என்று. எந்தெந்த நாடுகளில் கப்பல் நிற்கிறதோ அத்தனையும் பாலிசியில் இருக்க வேண்டும். எந்த நாட்டிலும் நிற்காமல் நடுக்கடல்வரை போய்த் திரும்பும் பயணமும் உண்டு. அதற்குப் பாலிசி செல்லுமா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். போனில் சொல்வதெல்லாம் நாளைக்கு நிற்காது.

சர்க்கரையும் பிரஷரும் இருப்பதை மறைக்காதீர்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது ஒரு பழக்கம். “மாத்திரை போட்டா சரியா இருக்கு, அத ஏன் எழுதணும்” என்பார்கள். கிளைம் வரும்போது காப்பீட்டுக் கம்பெனிக்காரர் முதலில் தேடுவது பழைய மருந்துச் சீட்டைத்தான். சொல்லி எடுத்தால் பிரீமியம் கொஞ்சம் கூடும், அல்லது அந்த நோய்க்கு மட்டும் வரம்பு போடுவார்கள். மறைத்து எடுத்தால் மொத்தமும் கையை விட்டுப் போக வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது பயண ரத்து. கப்பல் கம்பெனிகளின் பிடித்தம் நாள் நெருங்க நெருங்க ஏறும். முன்பணம் பெரும்பாலும் திரும்பாது. பிறகு கால்வாசி, பாதி, முக்கால்வாசி என்று கூடிக்கொண்டே போய், கடைசி வாரங்களில் ஒரு பைசா வராது. அதனால் முன்பணம் கட்டிய வாரத்திலேயே பாலிசியையும் எடுத்துவிட வேண்டும். கிளம்பும் நாளன்று ஏர்போர்ட்டில் எடுத்தால் ரத்துப் பிரிவுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று, நம் பக்கம் மட்டும் வரும் சிக்கல். பெரியப்பா வீட்டில் ஒரு துக்கம் என்றால் நாம் பயணம் கிளம்ப மாட்டோம், கிளம்பவும் கூடாது. ஆனால் பாலிசியின் பார்வையில் நெருங்கிய உறவு என்பது பொதுவாகக் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். பங்காளி வீட்டுச் சாவு அந்தப் பட்டியலில் வராது. லீவு கிடைக்கவில்லை, சம்பந்தி வீட்டில் தேதி மாற்றிவிட்டார்கள் என்பதெல்லாம் காரணமாகவே எடுபடாது. கூட்டுக்குடும்பமாகப் பதினைந்து பேர் சேர்ந்து புக் செய்பவர்கள் இதை ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

சரி, இனி பணம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914இல் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மறுபடியும் ரயில் என்று கொழும்பு வரைக்கும் போய்விடலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபிறகும் ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் எண்பதுகளின் தொடக்கம்வரை போய்வந்தது. அந்தக் காலத்துப் பயணியிடம் டிக்கெட் காசைத் தவிரக் கப்பல்காரருக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை. குரூஸ் வியாபாரம் வேறு. உலகத்தின் பெரிய குரூஸ் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியே, கப்பல் ஏறியபின் நடக்கும் விற்பனையில்தான் வருகிறது. டிக்கெட் மலிவாக இருப்பது உங்களை உள்ளே அழைத்துப்போகத்தான்.

விளம்பரத்து விலை ஓர் ஆளுக்கு, அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால். தனியாகப் போனால் பல கப்பல்களில் இரண்டு பேர் காசையும் கட்ட வேண்டியிருக்கும். துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. பணியாளர்களுக்கான டிப்ஸ் உங்கள் விருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் அது ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறிவிடும். 15 முதல் 20 டாலர் என்பது சாதாரணம். நாலு பேர் குடும்பம், மூன்று இரவு, 18 டாலர் வீதம் என்றால் 216 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே 18,000 ரூபாய்க்கு மேல். பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

கப்பலில் காசு கைமாறாது. ஏறும்போது கொடுக்கும் அட்டைதான் சாவி, அதுவேதான் பர்ஸ். பிள்ளைகள் கையில் அந்த அட்டையைக் கொடுக்கும்போது செலவு வசதியைப் பூட்டித் தரச் சொல்லலாம். கேட்டால் செய்து கொடுப்பார்கள், கேட்காமல் யாரும் சொல்வதில்லை. பானங்களுக்கான பேக்கேஜை ஓர் அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவரும் வாங்கியே ஆக வேண்டும் என்ற விதி பல கம்பெனிகளில் உண்டு. டீயும் தண்ணீரும் குடிக்கிற நம் அம்மாவுக்கு அது எதற்கு? புகைப்படம், மசாஜ், துணி சலவை, சிறப்பு உணவகம் எல்லாம் டிக்கெட்டில் சேராது. பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் வயிறு நிறையக் கிடைக்கும். சைவம், ஹலால் வேண்டுமென்றால் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

கார்டில் தேய்த்தால் வெளிநாட்டு நாணயத்துக்கான கூடுதல் கட்டணம் 3.5 சதவீதம்வரை போகும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஐம்பதாயிரம் செலவழித்தால் 2,065 ரூபாய் சும்மா போகும். கடைசி இரவு கணக்கு வழக்கை அச்செடுத்துத் தரச் சொல்லி வரிவரியாகப் பார்த்துவிடுங்கள். கப்பலை விட்டு இறங்கியபின் அங்கிருக்கும் ஆளோடு இமெயிலில் மல்லுக்கட்டி யாரும் சீக்கிரம் ஜெயித்ததாக நான் பார்க்கவில்லை.

போன் விஷயத்தில் நமக்கு ஏற்கெனவே பாடம் உண்டு. தனுஷ்கோடியில் நின்றாலே இலங்கை நெட்வொர்க் பிடித்து ரோமிங் மெசேஜ் வந்து விழும். நடுக்கடலில் கப்பலுக்கென்றே இருக்கும் செயற்கைக்கோள் நெட்வொர்க் பிடிக்கும். நீங்கள் போட்டுவந்த ரோமிங் பேக் அதற்குச் செல்லாமல் போகலாம். கப்பல் கரையை விட்டதும் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். வைஃபை தேவையென்றால் ஒரே ஒரு போனுக்கு வாங்கினால் போதும், ரீல்ஸை ஊருக்கு வந்து போட்டுக்கொள்ளலாம்.

மாதத்தைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் காலம் எது என்று தெரியும். ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலில் விலை குறைவாகக் கிடைத்தால், ஏன் குறைவு என்று யோசியுங்கள். வானிலை சரியில்லை என்று கேப்டன் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டால், அந்த ஊர்க் கட்டணம் மட்டும் திரும்ப வரும். டிக்கெட் காசு வராது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், பிள்ளைகளுக்கும் லீவு. ஆனால் அப்போதுதான் டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும், வீட்டில் வருமானம் அடியில் இருக்கும். அந்த நேரத்தில் நகையை வைத்துப் போகிறேன் என்று வருபவர்களிடம் நான் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கடலில் ஒரு சவாரி, பிள்ளைகளுக்கு ஒரு பகல்பொழுது என்றால் நம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறைப் படகில் ஏறி அலையாத்திக் காட்டைச் சுற்றிவிட்டு, நண்டு சூப் குடித்துவிட்டு வரலாம்.

பெரிய கப்பல் எதுவும் நம் பாக் நீரிணைப் பக்கம் வராது, ஆழம் போதாது. சென்னைக்கோ கொச்சிக்கோ சிங்கப்பூருக்கோ போய்த்தான் ஏற வேண்டும். ஒரு நாள் முன்னதாகவே அங்கே இருங்கள். சேது எக்ஸ்பிரஸோ போட் மெயிலோ ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, அன்று மதியமே கப்பல் ஏறிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஓட்டல் வாடகை ஒரு நாளுக்கு என்ன ஆகிவிடும்?

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய் மறுபடி சிங்கப்பூரில் இறங்குவதென்றால் பலமுறை நுழையும் விசா தேவை. நமக்கு முக்கியமான தொல்லை பெயர். அப்பா பெயர் இனிஷியலா, விரித்து எழுதியதா, குடும்பப்பெயர்க் கட்டம் காலியா என்பது பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் மாறும். கப்பல் டிக்கெட், விமான டிக்கெட், பாலிசி மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். கர்ப்பிணிகள் பயண முடிவுக்குள் 24 வாரத்தை எட்டுவதாக இருந்தால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். கைக்குழந்தைக்கும் ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஏஜென்டிடம் கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலை என்று சொன்னதை நம்பி ஏமாந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் குறைவா? கம்பெனிக் கணக்குக்குப் பணம் போகட்டும், புக்கிங் எண் வாங்கி அதைக் கப்பல் கம்பெனியின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக என் தொழில் சமாச்சாரம். வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கும்போது ஏஜென்ட் டிசிஎஸ் என்று, வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே ஒரு தொகை பிடிப்பார். சதவீதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, அன்றைய விகிதம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது செலவு இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாக நிற்கும், ரிட்டர்ன் போட்டால் கட்ட வேண்டிய வரியில் கழியும், மிஞ்சினால் திரும்ப வரும். எனக்கு வருமானமே இல்லை, ரிட்டர்ன் எதற்கு என்று அதை அப்படியே விட்டுவிட்ட ஆட்கள் இருக்கிறார்கள். மகன் காசு அனுப்பி, அப்பா பான் எண்ணில் புக் செய்திருந்தால் அப்பா பெயரில்தான் ரிட்டர்ன் போட வேண்டும். வரும்போது அந்த பில்லையும் எடுத்து வாருங்கள், வாட்ஸ்அப்பில் பாதி தெரிகிற போட்டோ அனுப்ப வேண்டாம்.