106 முறை திருத்தியாச்சாம்!

நேற்று ராத்திரி டிவியில் அந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் சேர்த்துத் தேர்தல் வைக்க அரசியல் சட்டத்தைத் திருத்தும் ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதா பற்றிப் பேச்சு. சட்டமன்றத்தின் ஆயுளிலேயே கை வைக்கும் திருத்தத்துக்குச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டாமா என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். "அரசியல் சட்டத்தை 106 முறை திருத்தியாச்சு சார், இதுக்கு மட்டும் என்ன?" என்று எதிரே இருந்தவர் சிரிக்கிறார். நெறியாளரும் கூடச் சிரிக்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

எண்ணிக்கையைச் சொல்லி வாயை அடைக்காதீர்கள். யாரைக் கேட்டுத் திருத்தினீர்கள், அதைச் சொல்லுங்கள். அரசியல் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று சொல்லும் 368வது பிரிவு ஒன்றும் ரகசியம் இல்லை. இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சில விஷயங்களுக்கு அதுவும் போதாது, பாதி மாநிலங்களாவது ஒப்ப வேண்டும். ஜிஎஸ்டிக்கு அப்படித்தான் மாநிலங்களிடம் போனார்கள். இதற்கு மட்டும், மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் சேர்த்துத் தேர்தல் வைக்க மாநிலங்களின் ஒப்புதல் தேவையில்லை என்று, இதை ஆராய்ந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தின் குழு எழுதிக் கொடுத்துவிட்டது.

"சட்டப்படி சரிதானே?" என்பீர்கள். 1976லும் சட்டப்படி சரிதான். நெருக்கடி நிலை, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், அப்போது 42வது திருத்தம் வந்து கல்வியை மாநிலங்கள் சட்டம் போடும் மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போனது. தேவையான மாநிலங்கள் ஒப்புதலும் கொடுத்தன. ஆனால் தமிழ்நாட்டில் ஜனவரி 31ஆம் தேதியே ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நமக்குச் சட்டமன்றமே இல்லை.

எங்கள் அப்பா அப்போது அரசுப் பள்ளி ஆசிரியர். "நம்ம பள்ளிக்கூடத்தப் பத்தி முடிவு பண்ணினப்ப நம்மள ஒரு வார்த்தை கேக்கலடா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். நேற்று அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு அப்பாவைப் பார்த்துச் சிரித்த மாதிரிதான் இருந்தது.

உடனே ஒருவர் வருவார், "1951ல் முதல் திருத்தம் வந்து இடஒதுக்கீட்டைக் காப்பாற்றியதே, அப்போது மாநிலங்களைக் கேட்டார்களா?" என்று. கேட்கவில்லைதான். ஆனால் சாதி, மதப் பிரிவுவாரியாக இடங்களைப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை நீதிமன்றம் ரத்து செய்தது, இங்கே தெருவில் இறங்கிப் போராடினார்கள், அதற்குப் பிறகு வந்த திருத்தம் அது. இங்கிருந்து கேட்டு வாங்கியதையும் நாம் இல்லாதபோது எடுத்துக்கொண்டதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், தயவுசெய்து.

இன்னொருவர், "1978ல் 44வது திருத்தம் நெருக்கடி நிலையில் செய்த எல்லாத்தையும் சரி செய்துவிட்டது, பழங்கதை பேசாதே" என்பார். எல்லாத்தையும் இல்லை சார். நிறைய சரி செய்தார்கள், கல்வியை மட்டும் திருப்பித் தரவே இல்லை. இன்றைக்கும் பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது. இனி எங்கள் சட்டமன்றம் எத்தனை வருஷம் இருக்கலாம் என்பதையும் எங்களைக் கேட்காமலே முடிவு செய்வீர்களா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் சிரியுங்கள்.