பந்தலுக்குத் திறக்குது, பிள்ளைக்குப் பூட்டா?

வயிறு எரியுது. சேலத்துல எங்க வீட்டுப் பக்கத்துப் பார்க்குக்குள்ள டென்னிஸ் கோர்ட் இருக்கு, கேட்டுல பூட்டு தொங்குது. ராக்கெட் பையோட போன பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரும்பி வர்றா. வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டா, "சாவி சார்கிட்ட இருக்குங்க, பத்து மணிக்கு மேல வாங்க"ங்கறார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா ஏப்ரல் மாசம் சேலத்துல பத்து மணிக்கு மேல எந்தப் பிள்ளை கோர்ட்ல இறங்கும்? தரையே கொதிக்கும். இங்க டென்னிஸ்னா விடியக்காலை, இல்லன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல. அந்த ரெண்டு நேரமும்தான் பூட்டு! தெரிஞ்ச ஆளா இருந்தா மட்டும் சாவி கிடைக்குது.

அதைவிடக் கொடுமை, ஏதாவது விழான்னா பந்தல் போட அதே கோர்ட்தான். கடப்பாரையால குழி தோண்டி மூங்கில் நட்டுட்டுப் போயிட்டாங்க. ஹார்ட் கோர்ட்னா அடியில தாரோ கான்கிரீட்டோ, மேல அக்ரிலிக் பூச்சு. ஒரு குழி விழுந்தா மழைத்தண்ணி உள்ள இறங்கும், பூச்சு உப்பிக்கிட்டு வரும், அங்கிருந்து வெடிப்பு ஓடும். அப்புறம் பந்து எந்தப் பக்கம் எகிறும்னே தெரியாது, கணுக்கால் பிசகும். நடுவுல 3 அடி இருக்க வேண்டிய நெட், சேலைத் தொட்டில் மாதிரி தொங்குது. கேட்டா "பொது இடம்தானே"ன்னு பதில். பந்தலுக்குப் பொது இடம், என் பொண்ணு ஆடக் கேட்டா அனுமதி வாங்கணுமா?

பார்க் கோர்ட்ல என்ன நடக்கும்னு தெரிஞ்சதாலதான் இவ்வளவு ஆத்திரம். அமெரிக்காவுல ரிச்மண்ட் நகரத்துல, கறுப்பின மக்களுக்குன்னு ஒதுக்கின பார்க்கைப் பார்த்துக்கிட்டவரோட மகன் ஆர்தர் ஆஷ். பார்க்குக்குள்ளயே வீடு, அங்கேயேதான் டென்னிஸ் கத்துக்கிட்டார். வெள்ளைக்காரங்க கோர்ட்ல அவரைச் சேர்க்கல. 1968-ல யு.எஸ். ஓபன் ஜெயிச்சார். அடுத்த வருஷம் வாஷிங்டன்ல புதுசா ஒரு போட்டி ஆரம்பிச்சப்போ, எல்லா மக்களும் வந்து போற பொதுப் பூங்காவுல நடத்தினாதான் ஆடுவேன்னார். ராக் கிரீக் பார்க்ல நடந்துச்சு. 1973-ல அவரே அங்க பட்டம் வாங்கினார். இன்னைக்கும் வருஷா வருஷம் உலக வீரர்கள் ஆடுறது அங்கதான். ஸ்டேடியம் 7,500 பேர் உட்கார்ற அளவு. போட்டி முடிஞ்சா, வாடகை கட்டி ஊர்க்காரங்க ஆடலாம்.

நம்ம நுங்கம்பாக்கத்துலயும் 1997-லிருந்து 2017 வரைக்கும் ஏடிபிங்கற ஆண்கள் சர்வதேச டென்னிஸ் போட்டி நடந்துச்சு, அப்புறம் புனேவுக்குப் போயிடுச்சு. 2022-லயும் 2025-லயும் பெண்கள் போட்டி வந்துச்சு. ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடிச்சா பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம், அது பெரிய விஷயமில்ல. பார்த்துட்டு வந்து எங்க ஆடுவா? மொட்டைமாடிச் சுவத்துலயா? கிளப்புல சேர்க்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக என்ன பண்ணும்?

காலைல அஞ்சரைக்குக் கேட்டைத் திறங்க. மணிக்கு இவ்வளவுன்னு போர்டு வைங்க, கட்டுறோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சும்மா விடுங்க. கடப்பாரை கோர்ட் பக்கமே வரக் கூடாது. வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதியாச்சு. பார்க்கைச் சுத்திக் குடியிருக்கறவங்க ஞாயித்துக்கிழமை காலைல கேட்டுக்கிட்ட வந்து கையெழுத்துப் போடுங்க.