டாங்கியை உருக்கிச் செய்த பொம்மை டாங்கியா?

"இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் மிஞ்சிய டாங்கிகளின் எஃகை உருக்கித்தான் பழைய உலோக ராணுவ வாகன மாதிரிகளைச் செய்தார்கள்" என்றொரு செய்தி சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை.

முதலில் காலமே இடிக்கிறது. இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த மெக்கானோ என்ற பொம்மை நிறுவனம் 1933-லேயே சின்ன பொம்மை டாங்கி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பொம்மை வண்டிகளுக்கு டிங்கி என்ற பெயர் அடுத்த ஆண்டுதான் வந்தது. போர் தொடங்கியது 1939-ல்!

அப்புறம், உலோகம். தொடக்கத்தில் ஈயம், பிறகு துத்தநாகத்தோடு சுமார் 4% அலுமினியம் சேர்ந்த கலவை. இது 400 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், அச்சுக்குள் அழுத்திச் செலுத்தலாம். எஃகு உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டை அச்சுகள் தாங்காது.

சந்தேகமா? காந்தத்தை வண்டியின் உடலில் வையுங்கள், ஒட்டாது. சக்கரங்களைக் கோக்கும் கம்பியில் ஒட்டலாம், அது பெரும்பாலும் எஃகு. அதைக் காட்டித்தான் சிலர் வாதாடுகிறார்கள்.

பழைய மாதிரிகளில் மெல்லிய விரிசல் ஓடி, உடல் உப்பி, கடைசியில் பொடியாக உதிர்வதும் "போர்க்கால எஃகின் துரு" அல்ல. துத்தநாகக் கலவையில் துளி ஈயம் கலந்துவிட்டாலே, ஈரப்பதம் பட்டு உள்ளுக்குள் அரிக்கும். தொடக்கத்தில் வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கலாம்.