மழை இல்லாத நாளிலும் ஓடும் கான்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில், கடைசி மழை பெய்து பல வாரங்கள் கடந்த பின்னரும், எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்திலுள்ள மதகுக்குக் கீழே கானில், அதாவது தெருவோர மழைநீர் வடிகாலில், நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கருமையும் சாம்பல் நிறமும் கலந்த அந்த நீரின் மேல் சவர்க்கார நுரை மிதக்கிறது. ஓரத்தில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டிக் கிடக்கின்றன. வெள்ள வாய்க்கால் என்று நாம் பெயரிட்டிருக்கும் ஒன்றில், வெள்ளமே இல்லாத நாளில் ஓடுவது எது? குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் சாப்பாட்டுக் கடையின் பின்புறத்திலிருந்தும் சுவரைத் துளைத்து இரவோடு இரவாகக் கானுக்குள் விடப்பட்ட குழாய்களின் நீர்தான் அது. அத்தகைய குழாய் ஒன்றைப் பற்றி உரிய அலுவலகமொன்றில் இரண்டு தடவை எழுத்தில் முறையிட்டேன். வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். குழாய் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

நம்மில் பலர், படித்தவர்கள் உட்பட, கானுக்குள் போகும் நீர் எங்கோ ஓரிடத்தில் சுத்திகரிக்கப்படுகிறது என்று நினைக்கிறார்கள். யாழ்ப்பாண நகரின் கான்களில் விழும் எதுவும் எங்கும் சுத்திகரிக்கப்படுவதில்லை. கஸ்தூரியார் வீதியில் வீசப்படும் பொலித்தீன் பையும், கராஜ் வாசலில் கழுவி விடப்படும் கழிவு ஒயிலும், சந்தையின் மீன் கழுவிய நீரும், கான் வழியாகவோ குளம் வழியாகவோ நகரின் தெற்கிலும் மேற்கிலும் கிடக்கும் கடல்நீரேரியைத்தான் சென்றடைகின்றன. குருநகர், பாசையூர், நாவாந்துறை, காக்கைதீவு என்று நாம் மீனும் இறாலும் நண்டும் வாங்கப் போகும் கரைகள் எல்லாம் அந்த நீரேரியின் கரைகளே.

“கடல் தானே, அடித்துக்கொண்டு போய்விடும்” என்று சொல்பவர்கள் பண்ணைப் பாலத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். இது ஆழ்கடல் அன்று. பல இடங்களில் ஆள் இறங்கி நடந்து போகக்கூடிய ஆழமே உள்ள நீர்ப்பரப்பு. நீரோட்டத்துக்குக் குறுக்கே நாமே தாம்போதிகளைப் போட்டு வைத்திருக்கிறோம். கோடையில் நீர் ஆவியாகி உப்பு ஏறுகிறது. மாரியில் மழைநீர் வந்து சேர உப்பு இறங்குகிறது. இப்படி ஏறி இறங்கும் நீருக்குள் போய்ச் சேரும் சேறும் எண்ணெயும் எளிதில் வெளியேறுவதில்லை. கரையோரத்துக் கடற்புல்லிலும் சாதாளையிலும் கண்டல் வேர்களிலும் படிகின்றன. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்வதும் அங்கேதான்.

கடந்த ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை நாவாந்துறைக் கரைக்குப் போயிருந்தேன். சிறகு வலையைக் கரைக்கு இழுத்துப் போட்டு, வயதான தொழிலாளி ஒருவர் மடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த மீனை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் சோறு சுற்றும் லஞ் சீற், சம்பூப் பைக்கற், யோகட் கோப்பை, கறுத்துப்போன துணித் துண்டு. லஞ் சீற் ஒன்றைக் கண்ணியிலிருந்து பிய்த்தெடுத்தபடி அவர் சொன்னார்: “தம்பி, முந்தி முதல் மழைக்கு நாங்கள் காத்திருப்பம். இப்ப முதல் மழையெண்டா வலை போடப் பயமாக் கிடக்கு.” பொலித்தீன் லஞ் சீற் 2017 செப்ரெம்பரில் தடை செய்யப்பட்டது, சிறிய சம்பூப் பைக்கற் 2021இல் தடை செய்யப்பட்டது. இரண்டும் அவருடைய வலைக்குள் கிடந்தன.

அவர் முதல் மழை என்று குறிப்பிட்டதுதான் இந்த விடயத்தின் உயிர்நாடி. நமக்கு ஆண்டில் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய மாதங்கள் முழுவதும் வீதியில் சொட்டிய ஒயில், ரயர் தேய்ந்த தூள், பிரேக் தூசி, மாடும் நாயும் இட்ட கழிவு, கானுக்குள் தேங்கிய சேறு ஆகிய அனைத்தும் அந்த முதல் இரண்டொரு மழைகளுக்காகக் காத்துக் கிடக்கின்றன. மழை பிடித்த முதல் அரை மணித்தியாலத்தில் கானில் ஓடும் நீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்துப் பாருங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொரு போத்தலில் பிடியுங்கள். வேறுபாட்டை விளக்க ஆய்வுகூடம் தேவைப்படாது. ஆகவே கான் துப்புரவு புரட்டாதி முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும். வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு கார்த்திகையில் இயந்திரம் கொண்டுவந்து வெட்டுவது வெள்ளத்தை வடிய வைக்குமே தவிர, அதற்குள் கடலுக்குப் போக வேண்டியதெல்லாம் போய்விட்டிருக்கும்.

துப்புரவு செய்யும் முறையிலும் பெரிய பிழை இருக்கிறது. கானிலிருந்து அள்ளிய சேற்றை அதே கானின் ஓரத்தில் குவித்து, “காய்ந்த பிறகு ஏற்றுவோம்” என்று விட்டுச் செல்கிறார்கள். சேறு காய்வதற்கு முன் மழை வருகிறது. இரண்டு நாள் கூலி கொடுத்து அள்ளிய சேறு ஒரு மணித்தியாலத்தில் இருந்த இடத்துக்கே திரும்பிவிடுகிறது. இதை ஆண்டுதோறும் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

வெளிநாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவின் சாந்தா மொனிக்கா விரிகுடாவில் 1995ஆம் ஆண்டு கடலில் குளித்த ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மழைநீர் வடிகால் கடலில் சேரும் வாய்க்கு நேரே குளித்தவர்கள், ஏறத்தாழ 365 மீற்றர் தூரத்துக்கு அப்பால் குளித்தவர்களைவிடக் கூடுதலாக நோயுற்றது தெரியவந்தது. சாந்தா மொனிக்கா நகரம் 2001இல், மழை இல்லாத நாள்களில் வடிகாலில் ஓடும் நீரைத் தடுத்துச் சுத்திகரித்து, செடிகளுக்கும் கழிப்பறைகளுக்கும் மீளப் பயன்படுத்தும் நிலையம் ஒன்றைத் திறந்தது. அத்தகைய இயந்திரம் நமக்கு உடனே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெயில் நாளில் ஓடும் நீரைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்களே, அந்தப் பார்வை நமக்கு வேண்டும்.

நம்மிடம் இயந்திரத்துக்குப் பதிலாகக் குளங்கள் இருக்கின்றன. குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உள்ளன. நகருக்குள்ளேயே ஆரியகுளமும் புல்லுக்குளமும் இருக்கின்றன. வெள்ளம் ஒரு குளத்துக்குள் புகுந்து, வேகம் தணிந்து, மண்டி அடியில் படிந்த பிறகு மேல்நீர் மட்டும் வழிந்து போனால், கடலைச் சேர்வது பாதி தெளிந்த நீராகவே இருக்கும். கோடையில் குளத்து மண்ணை வெட்டித் தோட்டத்தில் போட்ட நம் முன்னோர் செய்ததும் ஒருவகையில் இதே வேலைதான். ஆரியகுளம் 2021 முடிவில் புனரமைக்கப்பட்டதை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் குளத்தை நடைபாதையாலும் விளக்குகளாலும் மட்டும் அளக்க முடியாது. குளத்துக்குள் வரும் கானின் வாயில் குப்பை தடுக்கும் கம்பி வலையும், சேறு படியச் சிறு தொட்டியும், கரையில் புல்லும் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் எச்சரிக்கை ஒன்றும் அவசியம். மழைநீரை நிலத்துக்குள் இறக்குங்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், நல்ல வார்த்தை. ஆனால் நாம் நிற்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லின் மேல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குள் வந்து சேர நெடுநாள் ஆகாது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது ஊரே தண்ணீருக்கு அலைந்ததை மறப்பதற்கில்லை. எனவே கூரை நீரையும் தெரு நீரையும் ஒன்றாகக் கருதக் கூடாது. கூரையில் விழும் நீரை, முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட்டு, வளவுக்குள்ளேயே குழி வெட்டி இறக்கலாம். தெருவில் ஓடிய நீரை ஒருபோதும் கிணற்றிலோ ஆழ்குழியிலோ இறக்கக் கூடாது. அது புல்லையும் குளத்தையும் கடந்தே போக வேண்டும்.

ஆயிரம் சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 2,300 லீற்றர் நீர் கிடைக்கும். முற்றம் முழுவதும் சீமெந்து போட்ட வீட்டில் அவ்வளவும் படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு ஓடி, ஒழுங்கையின் அழுக்கையும் சேர்த்து வாரிக்கொண்டு கானுக்குள் விழும். எங்கள் வீட்டு முற்றத்தையும் சில ஆண்டுகளுக்கு முன் சீமெந்தால் மூடியிருந்தோம். போன ஆண்டு அதில் பாதியை உடைத்து மண்ணாக்கி, பீலி நீருக்கு நாலடிக் குழி ஒன்றை வெட்டிச் சல்லி நிரப்பினோம். மாரி முழுவதும் எங்கள் படலையால் வெளியே போன நீர் மிகக் குறைவு.

இந்தப் புரட்டாதியில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த ஆறேழு பேர் மதகடியிலிருந்து சந்தி வரைக்கும் கானை வெட்டித் துப்புரவாக்க ஒத்துக்கொண்டிருக்கிறோம். கானுக்குள் நீட்டியிருக்கும் குழாய்களை எண்ணி, எந்த வளவிலிருந்து வருகின்றன என்று எழுதி, அந்தந்த வீட்டாரோடு முதலில் நேரில் பேசவும் முடிவு செய்திருக்கிறோம். மண்வெட்டிகள் இருக்கின்றன. அள்ளிய சேற்றை அன்றைக்கே ஏற்றிப் போக ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியும், அதைக் கொட்ட மாநகர சபை காட்டும் ஓர் இடமும்தான் இன்னும் வேண்டியிருக்கிறது.