பழைய பந்துக்குச் சொந்தக்காரர்

நாடு மாறி ஆடும் கிரிக்கெட் வீரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் தருமபுரி டீக்கடைகளில் ஒரே தீர்ப்புதான்: “சொந்த நாட்டில் இடம் கிடைக்காதவன், பிழைக்கப் போனவன்.” சொல்கிறவரின் மகன் பெங்களூரில் இருப்பான், மருமகன் ஓசூர் சிப்காட்டில் இருப்பார். பிழைக்கப் போவதில் என்ன கேவலம் என்று இந்த மாவட்டத்தில் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. நியூசிலாந்துக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் நீல் வேக்னர் விஷயத்திலும் இதையே சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

1986இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். சென்னை ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய டூ பிளெசிஸ் படித்த பள்ளியில்தான் இவரும் படித்தார். 2008இல் நியூசிலாந்தின் ஒடாகோ அணிக்குப் போனார். புது நாட்டுக்கு ஆடத் தகுதி பெறும்வரை உள்ளூர்ப் போட்டிகளிலேயே உழைத்தார். அதில் 2011இல் ஒரே ஓவரில் 5 விக்கெட் எடுத்ததும் உண்டு. 2012இல் மேற்கிந்தியத் தீவுகளில் முதல் டெஸ்ட்.

வெளியூர்க்காரனுக்கு முதலில் கிடைப்பது உள்ளூர்க்காரன் வேண்டாம் என்று தள்ளிய வேலை. ஓசூரில் அது இரவு ஷிப்ட் என்றால் நியூசிலாந்து அணியில் பழைய பந்து. புதுப் பந்து முன்னணி வேகப்பந்து வீச்சாளர்களான சௌத்திக்கும் போல்ட்டுக்கும். பளபளப்பு போய், காற்றில் வளையும் ஸ்விங் அடங்கி, பேட்ஸ்மேன்கள் கால் ஊன்றிய பிறகுதான் இவரைக் கூப்பிடுவார்கள். வேகமோ மணிக்கு 130 கிலோமீட்டரை ஒட்டித்தான். அந்த வேகத்தில் தரையில் குத்தி உடம்புக்கு எழும்பும் பவுன்சர் போட்டால் அடி வாங்கத்தான் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இவர் போட்டார். லெக் பக்கம் ஆட்களைக் குவித்துவிட்டு, விலா எலும்பைப் பார்த்து ஒரு பந்து, அடுத்தது தோளுக்கு, அடுத்தது மறுபடி விலாவுக்கு. தேநீர் இடைவேளை வரைக்கும் ஒரே முனையிலிருந்து. பார்க்க அழகில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019-20 தொடரில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் அடுத்தடுத்து நான்கு இன்னிங்ஸ்களில் இவரிடமே அவுட் ஆனாரே, அழகாகப் போடுகிற எத்தனை பேருக்கு அது முடிந்தது? 2021இல் சவுத்தாம்ப்டனில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் நாம் இழந்த கில், ரஹானே, ஜடேஜா விக்கெட்டுகளும் இவர் கணக்கில்தான் இருக்கின்றன.

2020 டிசம்பரில் பாகிஸ்தானுக்கு எதிராக பேட்டிங் செய்யும்போது ஷாகீன் அப்ரிடி காலடிக்குப் போட்ட யார்க்கர் பட்டு இரண்டு கால்விரல்கள் உடைந்தன. வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்து பந்து வீசினார். கடைசி நாளில், சதம் அடித்து நின்ற ஃபவாத் ஆலமை வீழ்த்தியது அந்தக் காலோடுதான். பிழைக்கப் போனவன் என்கிறீர்களே, பிழைப்புக்காக இதையெல்லாம் யார் செய்வார்கள்? ஐபிஎல் பணமும் அவர் பார்த்ததில்லை. நியூசிலாந்துக்காக ஒரு ஒருநாள் போட்டியில்கூட, ஒரு டி20யில்கூட அவரை இறக்கவில்லை. 64 டெஸ்ட், 260 விக்கெட், அவ்வளவுதான் அவர் சொத்து. 2023 வெலிங்டனில் ஃபாலோ ஆன் வாங்கிய (முதல் இன்னிங்ஸில் வெகுவாகப் பின்தங்கியதால் உடனே மறுபடி பேட்டிங் செய்ய வைக்கப்பட்ட) அணி இங்கிலாந்தை ஒரே ஒரு ரன்னில் வென்றபோது ஆண்டர்சனின் கடைசி விக்கெட்டை எடுத்ததும் இவரே.

அதே வெலிங்டனில்தான் 2024 பிப்ரவரியில் கண் கலங்க ஓய்வை அறிவித்தார். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் ஆடும் பதினொருவரில் இடமில்லை என்று முன்பே சொல்லிவிட்டார்களாம். வயது 37, வேகம் குறைந்துவிட்டது, தேர்வாளர்களுக்கும் காரணம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போட்டியில் என்ன நடந்தது? கேமரூன் கிரீனும் பதினொன்றாவது ஆட்டக்காரர் ஹேசில்வுட்டும் கடைசி விக்கெட்டுக்கு 116 ரன் சேர்த்தார்கள். நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்தும் ஒரு வால்முனை ஆட்டக்காரரைக் கழற்ற முடியவில்லை. ஆஸ்திரேலியா 383, பதிலுக்கு நியூசிலாந்து 179, தோல்வி 172 ரன்னில். பழைய பந்து, ஆட்டக்காரரோ ஹேசில்வுட், விலாவுக்கு நான்கு ஓவர் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மாற்று வீரராக அணியோடுதான் இருந்தார்.